வாய்க்கால் ரோட்டில் சீரகம்

ஜூன் 10, திங்கள்

காலை எட்டு ஐந்துக்கு மில் வாசலில் வேனை நிறுத்தினேன். எங்கும் இடிக்கவில்லை. பன்னிரண்டு பெண்களும் முழுசாக இறங்கிப் போனார்கள். அப்புறம் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துப் பார்த்தால், தண்ணீரில் நனைத்த மாதிரி இருந்தது.

இந்த டைரி பொங்கலுக்கு மில்லில் கொடுத்தது. என் வீட்டுக்காரர் ஜனவரியில் இரண்டு பக்கம் ஆயில் மாற்றிய தேதி எழுதியதோடு சரி. தினமும் கிளம்பும் நேரம், சேரும் நேரம் இரண்டையும் குறித்துவைக்கச் சொல்லியிருக்கிறார் மேனேஜர். மிச்ச இடத்தில் நான் என்ன எழுதினாலும் அவர் படிக்கப்போவதில்லை.

நத்தக்காட்டுப்புதூரிலிருந்து மில்லுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியைப் பதினாலு வருஷமாக ஓட்டியது அவர்தான். மே 28ஆம் தேதி, ஆட்களை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பும்போது வாய்க்கால் ரோட்டில் குதிரை ஒன்று குறுக்கே பாய்ந்தது. வேன் பள்ளத்தில் இறங்கியது. வலது கணுக்கால் இரண்டாக முறிந்து, தகடு வைத்து, மாவுக்கட்டு. குதிரை மேல் வந்தவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிவிட்டாள். இதை நான் இதுவரை முப்பது பேருக்காவது சொல்லியிருப்பேன்.

திங்கட்கிழமைக்குள் வண்டி வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்றது மில். கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவின் டெம்போவில் இளநீர் லோடு ஓட்டியவள் நான். லைசென்ஸ் இருக்கிறது. தைரியம் மட்டும் பத்தொன்பது வருஷமாகப் பரணில் கிடந்தது.

ஜூன் 11, செவ்வாய்

கிளம்பியது 7.10. சேர்ந்தது 8.04. ரிவர்ஸ் எடுக்கும்போது முன் சீட்டில் இருந்த பாப்பாத்தியக்கா கண்ணை மூடிக்கொண்டு, ஊரில் இருக்கிற எல்லாச் சாமிகளையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு சாமியாவது வந்திருக்க வேண்டும். சுவர் தப்பியது.

ஜூன் 12, புதன்

குதிரையைப் பார்த்தேன்.

வாய்க்கால் ரோடு என்பது ஒரு வேன் அகலம். இடது பக்கம் வாய்க்கால், வலது பக்கம் தென்னந்தோப்பு வேலி. மூன்றே இடத்தில்தான் கொஞ்சம் அகலம் கிடைக்கும். மோட்டார் ரூம் திருப்பம் தாண்டியதும் எதிரே நிற்கிறது. சீரகத்தை வறுத்த நிறம். மேலே ஒரு பெண், முப்பது வயசு இருக்கும், தலையில் ஹெல்மெட். எனக்கு ரத்தம் கொதித்தது. ஹாரனை அழுத்தினேன். நன்றாகவே அழுத்தினேன்.

குதிரை பின்னங்காலில் எழுந்தது. வேலிப் பக்கம் சாய்ந்தது. அந்தப் பெண் அதன் கழுத்தோடு ஒட்டிக்கொண்டு, "ஹாரனை விடுங்க! விடுங்கக்கா!" என்று கத்தினாள். விட்டேன். அவள் குதிரையை இழுத்துத் தோப்புக்குள் போனாள். நான் கண்ணாடியை இறக்கி, என் வீட்டுக்காரர் காலைப் பற்றி நாலு வார்த்தை கேட்டேன். அவள் என்னையே பார்த்தாள்.

வண்டிக்குள் ஒரு சத்தமில்லை. சாதாரணமாக மில் போகும்வரை ஓயாத வாய்கள்.

"பாத்தீங்களாக்கா, என்ன திமிரு?" என்றேன் பாப்பாத்தியக்காவிடம்.

"ஆமா ஆமா" என்று அவர் வாய்க்காலைப் பார்த்தார். வாய்க்காலில் தண்ணீரே இல்லை.

ஜூன் 13, வியாழன்

நேற்று நடந்ததைச் சொன்னதும் அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "எம்புட்டு உசரம் எந்திரிச்சுது?" என்று கேட்டார். கையால் காட்டினேன். சிரித்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, காலில் வலி என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வலியிலும் அவருக்குச் சிரிப்பு வருவது நல்லதுதான்.

ஜூன் 17, திங்கள்

சாயங்காலம், ஆட்களை ஏற்ற மில்லுக்குப் போகும்போது அவள் மோட்டார் ரூம் பக்கத்தில் கையைக் காட்டி வண்டியை நிறுத்தினாள். குதிரையைத் தோப்புக்குள் தூரமாகக் கட்டியிருந்தாள். இடது மணிக்கட்டில் பட்டை போட்டிருந்தாள்.

"ஏனுங்கக்கா, ரெண்டு நிமிசம் பேசலாமுங்களா?"

"பேசு."

பெயர் கனகலதா. எட்டு மாதத்துக்கு முன்னால் அவளுடைய பெரியப்பாவின் தோப்புக்கு வந்திருக்கிறாள். மற்றவர்களின் குதிரையை வாங்கிப் பழக்கித் திருப்பிக் கொடுப்பது தொழில். இப்போது கையில் இருப்பது மூன்று. அவளுக்கே சொந்தமானது இந்த ஒன்றுதான். பெயர் சீரகம். நான் மனதுக்குள் வைத்த பெயரையே அவளும் வைத்திருந்தது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

"தோப்புக்கு வேற வழி இல்லைங்க. நானும் இந்த ரோட்டுலதான் வரணும், நீங்களும் வரணும். குதிரையைப் பாத்தா தூரத்துலயே வேகத்தைக் கொறைங்க. ஹாரன் மட்டும் வேண்டாமுங்க. அது கையக் காலக் கட்டிப் போட்டாப்பல நின்னாலோ, டான்ஸ் ஆடுனாலோ, எஞ்சினை அமத்திப்போடுங்க. நான் தாண்டிப் போயி கைய ஒசத்துனதும் எடுங்க. அம்புட்டுத்தான்."

"எனக்கு எட்டே காலுக்கு ஷிப்டு அம்மிணி. உன்ற குதிரைக்கு நான் எஞ்சினை அமத்திக்கிட்டு உக்காந்திருந்தா மில்லுல யாரு பதில் சொல்றது?"

"எம்புட்டு நேரமாகுமுங்க? ஒரு நிமிசம்."

"என் வீட்டுக்காரரு எந்திரிச்சு நடக்க மூணு மாசம் ஆகுமாம்."

அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். "செரீங்க" என்றாள். ஏதோ இருக்கிறது. குற்ற உணர்ச்சியாக இருக்கலாம்.

ஜூன் 18, செவ்வாய்

கிளம்பியது 7.10. சேர்ந்தது 8.03. சும்மா சோதித்துப் பார்ப்போம் என்று எஞ்சினை அணைத்தேன். குதிரை எங்களைப் பார்த்ததும் கழுத்திலிருந்து கால்வரை நடுங்கியது. ஒரு நிமிஷம் இல்லை, நாற்பது நொடிதான். போய்விட்டது.

ஆனால் ஒன்று புரியவில்லை. எங்களுக்குப் பின்னாலேயே பால் வண்டி வந்தது. கேன்கள் எல்லாம் கடகடவென்று அடித்துக்கொள்ளும் வண்டி. அதை அது கண்டுகொள்ளவே இல்லை. காதைக்கூட அசைக்கவில்லை. எங்கள் வேன் மஞ்சள் நிறம், அது காரணமாக இருக்கும்.

ஜூன் 24, திங்கள்

நானும் ஒரு வாரமாகக் குறை சொல்லிவிட்டேன். திருப்பத்தில் திடீரென்று எதிரே வருகிறாள் என்றேன். இன்று சாலை போடுகிறவர்கள் அணிகிற ஆரஞ்சு மேல்சட்டையோடு வந்தாள், அரைக் கிலோமீட்டரில் தெரிகிறது. ரோட்டில் குதிரை லத்தி கிடக்கிறது, பைக் சறுக்கும் என்றேன். சாயங்காலம் பார்த்தால் கூடையும் மண்வெட்டியுமாக அள்ளிக்கொண்டிருந்தாள். காலை ஏழரைக்கு நான் வரும்போது மோட்டார் ரூம் அகலத்தில் ஒதுங்கி நிற்பதாகவும் சொல்லிவிட்டாள்.

இனி குறை சொல்ல எதைத் தேடுவது என்று தெரியவில்லை.

ஜூலை 1, திங்கள்

அவர் கட்டிலில் படுத்தபடியே மனு எழுதவைத்திருக்கிறார். வாய்க்கால் ரோட்டில் குதிரை வரக்கூடாது, ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் போட வேண்டும் என்று. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். இதுவரை நாற்பத்து மூன்று.

முதல் கையெழுத்து என்னுடையது. 'கி. சுலோச்சனா' என்று போட்டேன். பேனா சரியாக எழுதவில்லை, இரண்டு முறை போட வேண்டியதாயிற்று.

ஜூலை 5, வெள்ளி

வண்டியைத் துடைக்கும்போது ஸ்டீயரிங்குக்குக் கீழே, முட்டி படுகிற இடத்தில் ஒரு சிவப்பு சுவிட்ச். என்னவென்று அழுத்தினேன். எங்கள் தெருவில் இருந்த நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் குரைத்தன. எதிர் வீட்டில் ஒரு குழந்தை வீறிட்டது. லாரிக்கு மாட்டுகிற ஏர் ஹாரன்.

"இது எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"மலை ஏறும்போது வேணுமில்ல" என்றார்.

எங்கள் வழியில் ஒரு மேடுகூடக் கிடையாது.

ஜூலை 9, செவ்வாய்

பஞ்சர். சரியாக மோட்டார் ரூம் திருப்பத்தில். பெண்கள் இறங்கி ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கனகலதா குதிரையைக் கட்டிவிட்டு வந்தாள். ஜாக்கியை வலது கையால் மட்டும் சுற்றினாள்.

"கை என்னாச்சு?"

"கீழ விழுந்துட்டனுங்க. எலும்பு விட்டுப்போச்சு. இப்பத்தான் கூடிட்டு வருது."

"எப்போ?"

"மே மாசக் கடைசீலங்க."

எந்தத் தேதி என்று நான் கேட்கவில்லை. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. சேர்ந்தது 8.31. மேனேஜரிடம் பஞ்சர் என்று சொன்னேன்.

ஜூலை 15, திங்கள்

சாயங்காலம் ஜெயக்கொடி தன் போனை நீட்டினாள். வண்டியில் இருப்பதிலேயே சின்னவள், எல்லாவற்றையும் படம் பிடிக்கிறவள். சீரகம் எங்களைத் தாண்டிப் போவதைக் காலையில் எடுத்திருக்கிறாள், அழகாக இருக்கிறது, பாருங்கக்கா என்றாள். பார்த்துவிட்டு விரலைத் தவறான பக்கம் தள்ளிவிட்டேன். அடுத்த படம் ஓடியது.

ஏப்ரல் மாதப் படம். இதே வேன், இதே ரோடு. அவர் ஓட்டுகிறார். முன்னால் குதிரை ஓரமாகப் போய்க்கொண்டிருக்கிறது, நமக்கு முதுகைக் காட்டியபடி. அவர் திரும்பி, "பாருங்க, இப்ப டான்ஸ் ஆடும்" என்கிறார். முட்டி அசைகிறது. அந்தச் சத்தம். குதிரை எகிறுகிறது, மேலே இருப்பவள் பாதி சரிந்து தொங்குகிறாள். வண்டி முழுக்கச் சிரிப்பு. பாப்பாத்தியக்காவின் சிரிப்புத் தனியாகக் கேட்கிறது.

ஜெயக்கொடி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அக்கா, அதை அழிச்சுடறேன்க்கா."

"எத்தனை வாட்டி?" என்று கேட்டேன்.

கடைசியில் பாப்பாத்தியக்காதான் சொன்னார். "தம்பி கொஞ்சம் வெளையாட்டுக்காரரு. தெனமும் இல்லை."

ஜூலை 16, செவ்வாய்

கிளம்பியது 7.10. சேர்ந்தது 8.01.

ஜூலை 17, புதன்

முழுசாக எழுதிவிடுகிறேன். டைரி என்னிடம்தானே இருக்கிறது.

அந்தப் படத்தில் இருந்தது எனக்குப் புதுசு இல்லை. ஏப்ரலில் ஒரு நாள் சாப்பிடும்போது அவர் சொன்னார், ஒரு பொம்பளை ராணி மாதிரி குதிரையில் வருகிறாள், ஹாரன் அடித்தால் ராணிக்குக் கிரீடம் கழன்றுவிடுகிறது என்று. குதிரை எகிறியதை உட்கார்ந்த இடத்திலிருந்தே நடித்துக் காட்டினார். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இன்னொரு தோசை போட்டேன்.

மே 28ஆம் தேதி அவர் சொன்ன கதையை நம்பும்போது, இந்த ஏப்ரல் தோசை என் ஞாபகத்துக்கு வரவே இல்லை. வரவில்லையா, வரவிடவில்லையா என்று தெரியவில்லை.

ஜூலை 20, சனி

ஸ்பேனரை எடுத்து ஏர் ஹாரனைக் கழற்றினேன். கழற்றி, அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்புக்கு அருகே வைத்தேன்.

"எவ கழட்டச் சொன்னா?"

"அன்னிக்கு அடிச்சீங்களா இல்லையா?"

விட்டத்தைப் பார்த்தார். "ஒரு தமாசுக்குத்தானே புள்ளே. தெனமும் அடிக்கறதுதான். அன்னிக்கு அது முன்னால ஓடாம பின்னால திரும்பிருச்சு. நான் ஒடிச்சேன். பள்ளம்."

"அந்தப் பொண்ணு?"

தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி வைத்தார். "விழுந்துட்டா. குதிரை ஓடிப்போச்சு. நான் உள்ள மாட்டிக்கிட்டேன், கதவு தொறக்கலை. அவதான் வந்து இழுத்தா. ஒரு கையிலயே இழுத்தா சுலோ. இன்னொரு கை சும்மா தொங்கிக்கிட்டு இருந்துச்சு. ஆம்புலன்சுக்குப் போன் போட்டதும் அவதான். வண்டி வர்ற வரைக்கும் என்ற மூஞ்சில வெயில் படாம மறைச்சு நின்னா."

"திரும்பிப் பாக்காம ஓடிட்டான்னு சொன்னீங்களே."

"மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு வந்து என்னாச்சுன்னு கேட்டாரு. வாயில வந்துருச்சு. தப்பு நம்மதுன்னு தெரிஞ்சா வண்டியை மாத்திருவாங்கில்ல?"

"அது அன்னிக்கு. அப்புறம் இந்த மனு?"

நான் அரிசி களையப் போய்விட்டேன். மூன்று தடவை களைந்தேன் போலிருக்கிறது, அப்புறம் அடுப்பைக் கவனிக்காமல் சோறு குழைந்துவிட்டது.

ஜூலை 22, திங்கள்

கனகலதாவிடம் போய் நின்றேன். என்ன பேசுவது என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோனது. "ஏன் நீ யாருகிட்டயும் சொல்லலை?" என்று கேட்டேன், என்னவோ தப்பு அவள் மேல் என்கிற மாதிரி.

"நான் வந்து ஒம்பது மாசம்தானுங்க ஆச்சு. அவரு பொறந்ததுல இருந்து இங்க. யாரு நம்புவாங்க?" சீரகத்தின் பிடரியை விரலால் கோதினாள். "அதுவுமில்லாம, தெனமும் இந்த ரோட்டுல உங்க வண்டி எதுக்க நிக்கணுமில்லீங்க நான்."

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. மில் லீவு. வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள், கரை முழுக்கப் பெண்கள். முளைப்பாரி கொண்டுபோகப் பாப்பாத்தியக்கா என்னைத்தான் வண்டி எடுக்கச் சொன்னார். பதினெட்டுப் பேர் ஏறினார்கள். "மெல்லப் போ, மெல்லப் போ" என்று ஆரம்பத்தில் கத்தியவர்கள் இப்போது, "ஏன் இம்புட்டு மெல்லப் போற?" என்கிறார்கள்.

ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடியைப் பார்ப்பதற்குள் கை தானாகத் திரும்புகிறது. சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வேறு ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

அவருக்கு மாவுக்கட்டுப் பிரித்தார்கள். கைத்தடி ஊன்றி நடக்கிறார். கால் வாழைத்தண்டு மாதிரி வெளுத்திருக்கிறது. வாசலுக்குப் போய் வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பார்த்தார். சீட்டை நான் முன்னால் தள்ளி வைத்திருப்பதைப் பார்த்து, பின்னால் தள்ளினார்.

அவர் உள்ளே போனதும் நான் முன்னால் தள்ளிவிட்டேன்.

ஆகஸ்ட் 14, புதன்

கையெழுத்து நூற்றுப் பன்னிரண்டு.

தீர்மானம் போட்டுவிட்டால் குதிரைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் என்றாள் கனகலதா. தோப்பிலிருந்து வெளியே வர இந்த ஒரு ரோடுதான். நாளைக்கு நீ பேசு என்றேன். "ஹாரனைப் பத்தி நான் பேச மாட்டனுங்க. அதைச் சொல்ற ஆளு நான் இல்லைங்க" என்றாள்.

வீட்டில் அவர், "நாளைக்கு எனக்குக் கால் வலி, நான் வரலை. நீ போறதுன்னா போ" என்றார். அப்புறம், "மேனேஜரோட மச்சான் முன்னாடி வந்து உக்காருவான்" என்றார்.

புரிந்தது. உண்மையைச் சொன்னால் மில் வண்டி போகலாம். நான் சொல்லாவிட்டால் என்ன போகும் என்று அவர் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

ஊராட்சி அலுவலகத்து முன்னால் சாமியானா. கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, குடிநீர், தெருவிளக்கு எல்லாம் பேசி முடித்து, பதினொன்றரைக்குத் தலைவர் எங்கள் மனுவைப் படித்தார். மேனேஜரின் மச்சான் முதல் வரிசையில். கனகலதா கடைசி வரிசையில், தூணோடு தூணாக.

"யாராச்சும் பேசறீங்களா?"

எழுந்தேன். முதல் நாள் க்ளட்ச் மிதித்தது இதைவிடச் சுலபம்.

"மொதக் கையெழுத்து என்றதுங்க. அதை அடிச்சுருங்க."

சலசலப்பு.

"குதிரை குறுக்க பாயலைங்க. எங்க வண்டியில லாரி ஹாரன் மாட்டியிருந்துச்சு. அதை அடிச்சு, அது பயந்து குதிக்கறதைப் பாக்கறது எங்களுக்கு ஒரு வெளையாட்டு. மே மாசம் அந்த வெளையாட்டுல இந்தப் பொண்ணுக்குக் கை ஒடைஞ்சுது. ஒடைஞ்ச கையோட என்ற வீட்டுக்காரரை வண்டியில இருந்து இழுத்துப் போட்டதும் இதே பொண்ணுதானுங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "எங்களுக்குன்னா யாருக்கும்மா?"

"ஓட்டுனவரு ஒருத்தரு. வீட்டுல உக்காந்து கேட்டுச் சிரிச்சவ ஒருத்தி."

பின்னாலிருந்து பாப்பாத்தியக்காவின் குரல் வந்தது. "வண்டிக்குள்ள உக்காந்து சிரிச்சவ இங்க ஒருத்தி இருக்கறனுங்க." எழுந்து நின்றார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு நின்றார். ஜெயக்கொடி பள்ளிக்கூடத்தில் மாதிரி கையைத் தூக்கினாள். அப்புறம் இன்னும் இரண்டு மூன்று கைகள்.

மனு தள்ளுபடி. ரோட்டின் இரண்டு முனையிலும் 'குதிரை வரும், மெதுவாகச் செல்லவும், ஒலி எழுப்பாதீர்' என்று போர்டு வைப்பதாக முடிவு. வேன் நேரத்தில் குதிரை மோட்டார் ரூமில் ஒதுங்க வேண்டும். லத்தி கிடக்கிறதே என்று ஒருவர் விடாமல் கேட்டார். அள்ளிவிடுகிறேன் என்றாள் கனகலதா. "அள்ளி என்ன பண்ணுவீங்க?" என்று இன்னொருவர் கேட்க, "வேணுங்கறவங்க உரத்துக்கு எடுத்துக்கலாமுங்க" என்றாள். உடனே எனக்கு, உனக்கு என்று இரண்டு விவசாயிகள் சண்டை பிடித்துக்கொண்டார்கள். கூட்டம் அதோடு முடிந்தது.

வீட்டுக்கு வருவதற்குள் அவருக்குச் செய்தி வந்திருந்தது. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நீ சொல்லுவேன்னு தெரியும்" என்றார். "பாப்பாத்தி சொல்லுவான்னு நெனைக்கலை."

ஆகஸ்ட் 17, சனி

மேனேஜர் கூப்பிட்டார். வண்டி ஓடட்டும், ஆட்கள் உங்கள் பெயரைத்தான் சொல்கிறார்கள், ஆனால் உங்கள் வீட்டுக்காரர் இனி இந்த வண்டியின் ஸ்டீயரிங்கில் உட்காரக்கூடாது என்றார். ரொம்ப வருத்தமாக இருந்தது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஏன் பாட்டு முணுமுணுத்தேன் என்று தெரியவில்லை.

அவரிடம் சொன்னேன். "ம்" என்றார். நேற்றிலிருந்து அந்த ஓரெழுத்துதான்.

ஆகஸ்ட் 22, வியாழன்

இன்னும் 'ம்'.

ஆகஸ்ட் 26, திங்கள்

காலையில் சட்டை போட்டுக்கொண்டு வேன் கடைசி சீட்டில் ஏறி உட்கார்ந்தார். எங்கே என்று நானும் கேட்கவில்லை. பெண்கள் ஏறும்போது ஒவ்வொருத்தியும் அவரைப் பார்த்துவிட்டு, ஏதோ சாவு வீட்டுக்கு வந்த மாதிரி அமைதியாக உட்கார்ந்தார்கள்.

மோட்டார் ரூமில் சீரகம் நின்றது. இப்போதெல்லாம் எங்கள் வண்டியைக் கண்டு அது நடுங்குவதில்லை, புல்லை மென்றபடி பார்க்கும். எஞ்சினை அணைத்து நிறுத்தி, கனகலதாவிடம் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டிருந்தேன். பின்னால் அவர் இருமினார். சும்மா ஓர் இருமல்.

மெல்வது நின்றது. காது இரண்டும் பின்னால் படிந்தன. அப்புறம் பழைய நடுக்கம், கழுத்திலிருந்து கால்வரை. கனகலதா அதைத் தோப்புக்குள் கூட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

கண்ணாடியில் பார்த்தேன். அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

மறுபடி வந்தார். மோட்டார் ரூமுக்கு முன்னாலேயே நிறுத்தச் சொல்லி, கைத்தடியோடு இறங்கி, கனகலதாவைப் பார்த்து நின்றார். அவர்கள் பேசியது ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது.

"என்ற குரலுக்குத்தானே பயப்படுது?"

"ஆமாங்கண்ணா."

"என்ன பண்ணட்டும்?"

மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. அவள் அதற்காகக் காத்திருந்த மாதிரியும் இல்லை. கொஞ்சம் யோசித்துச் சொன்னாள். "தெனமும் வந்து அந்த வேப்பமரத்தடியில சும்மா நில்லுங்க. பேசாதீங்க. கிட்ட வராதீங்க. அதுவா பாத்துக்கும்."

"எத்தனை நாளைக்கு?"

"அது அதுக்குத்தானுங்க தெரியும்."

இரண்டு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாத மனுஷர். பத்து நிமிஷம் நின்றாராம். நான் மில்லுக்குப் போய்த் திரும்பும் வழியில் ஏற்றிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 31, சனி

ஐந்தாம் நாள். மழை. குடை எடுத்துப் போகச் சொன்னேன். குடையைக் கண்டால் அது மிரளும் என்று நனைந்துகொண்டே நின்றார். சாயங்காலம் தும்மல். ரசம் வைத்தேன்.

செப்டம்பர் 4, புதன்

பஞ்சாயத்து போர்டு வந்துவிட்டது. போர்டு எழுதியவர் குதிரைப் படம் போட்டிருக்கிறார், கழுதை மாதிரி இருக்கிறது. கனகலதா சிரித்துச் சிரித்து வேலியைப் பிடித்துக்கொண்டாள். அவள் சிரித்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

செப்டம்பர் 10, செவ்வாய்

இன்று நேரமிருந்தது, ஆறு நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டோம். எஞ்சினை அணைத்துவிட்டு எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்தோம்.

அவர் வேப்பமரத்தடியில் நின்றார். கைத்தடியை மரத்தில் சாய்த்துவிட்டு, இரண்டு கையையும் தொங்கப்போட்டு. கனகலதா கயிற்றைத் தளர்த்திப் பிடித்திருந்தாள். சீரகம் இரண்டு அடி வைத்தது. நின்றது. அப்புறம் யாரும் கூப்பிடாமலே நேராக அவரை நோக்கி நடந்தது. கழுத்தை நீட்டி, சட்டைப் பையிலிருந்து ஆரம்பித்து, தோள், காது, தலைமுடி என்று புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டு மோந்தது. அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். நெற்றியிலிருந்து வேர்வை கோடாக இறங்கியது. அது ஒரு நீளமான மூச்சை அவர் முகத்தின் மேலேயே விட்டுவிட்டு, திரும்பிப் போய் வேலியோரப் புல்லில் வாயை வைத்தது.

அவர் கைத்தடியை எடுக்க மறந்துவிட்டு வேனுக்கு வந்தார். ஜெயக்கொடி இறங்கிப்போய் எடுத்துவந்தாள். முன் சீட்டில் பாப்பாத்தியக்கா நகர்ந்து இடம் விட்டார். நான் கியர் போட்டேன். வாய்க்கால் பாலம் தாண்டினோம்.

"பயந்துட்டீங்களா தம்பி?" என்று பாப்பாத்தியக்காதான் கேட்டார்.

"ஆமாக்கா" என்றார் அவர். "எம்மாம் பெருசு. கிட்ட நின்னாத்தான் தெரியுது."

பத்தொன்பது வருஷத்தில், எதற்காகவாவது பயந்தேன் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். சட்டையெல்லாம் குதிரை எச்சில். துடைக்காமல் உட்கார்ந்திருந்தார். வண்டியில் ஒருத்தியும் சிரிக்கவில்லை.